வேட்டியில் வடித்த மெழுகு

இதைப் படிக்கும் உங்களை நான் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். அவையோர் எனக்குப் பழக்கமானவர்கள். கைதட்டுவார்கள், மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோவார்கள். சாட்சிக்கு அந்த வசதி இல்லை. கேட்டதைக் கேட்டபடியே நினைவில் வைத்திருக்க வேண்டும். நாளை நான் மாற்றிச் சொன்னால் எழுந்து மறுக்க வேண்டும். நான் ஒருத்திக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அப்போது பக்கத்தில் வேறு எவரும் இல்லை. அவள் அதை நம்பினாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆகவே நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு, அந்த வாக்கை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பத்தொன்பது வயது. சேலத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பேச்சுப் போட்டி எங்கே நடந்தாலும் போவேன். பெரும்பாலும் எவர்சில்வர் டம்ளரோ தட்டோ பரிசாக வாங்கிக்கொண்டுதான் பேருந்து ஏறுவேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் பாதிப் பாத்திரம் என் நாக்கு சம்பாதித்தது என்று பெருமையடித்துக்கொள்வேன். எங்களைப் பழக்கிய ஆசிரியர் இரண்டு விதிகளை விடாமல் சொல்லுவார். எதிர்த்தரப்பு சொல்லப்போவதை நீயே முதலில் எடுத்துச் சொல்லி முறித்துவிடு. உன்னிடம் இருப்பதிலேயே வலுவான சான்றை இறுதிவரை வெளியே எடுக்காதே. எடுத்தபின் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பெண்ணுரிமை எனக்குக் கைவந்த தலைப்பு. கைம்பெண் என்ற சொல்லை எந்த இடத்தில் குரல் தாழ்த்திச் சொன்னால் அரங்கு அடங்கும் என்பதை நான் அறிந்திருந்தேன். அப்படி ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அதை மேடையில் ஒருபோதும் சொன்னதில்லை; சொல்லாததை என் நாகரிகம் என்றே எண்ணியிருந்தேன்.

அவள் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் அண்ணன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலை பார்த்தவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரிகள் ஊரை விட்டுப் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பும். மச்சான் மூன்று முறை போய் வந்தார். நான்காம் முறை, வடக்கே எங்கோ ஒரு மேட்டுக்காட்டில், தூக்கி நிறுத்திய இரும்புக் குழாய் சங்கிலியை விட்டு நழுவிவிட்டது. அக்காவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, பிள்ளை இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். பெட்டியில் அவளுடைய சேலைகளும் மச்சானின் இரண்டு வேட்டிகளும் இருந்தன.

எங்கள் ஊர் காவிரியை ஒட்டியது. ஜேடர்பாளையம் அணையிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால்தான் எங்கள் வாழைக்கும் வெற்றிலைக்கும் தண்ணீர். தண்ணீர் இருக்கிறதே தவிர வெயிலுக்குக் குறைவில்லை. சித்திரை பிறந்துவிட்டால் பெண்கள் காலையில் வைத்த குங்குமம் பத்து மணிக்குள் வேர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கிவிடும். அதற்காக நெற்றியில் முதலில் தேன்மெழுகைத் துளி எடுத்து வட்டமாகத் தேய்த்து, அதன்மேல் குங்குமத்தை ஒற்றுவார்கள். அப்படி வைத்தது மாலைவரை கலையாது. ஒட்டுப்பொட்டு அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. ஆகவே கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு ஒரு சிறு தகர டப்பியில் மெழுகு வைத்துக் கொடுப்பது எங்கள் வட்டாரத்து உறவுகளில் ஒரு மரியாதை.

கன்னிப்பெண்ணாக இருந்தபோதே அக்கா வடித்த மெழுகுக்கு உறவில் பெயர் இருந்தது. கடையில் வாங்கும் மெழுகில் விரலுக்கு மணல் தட்டும். கருகல் வாடையும் இருக்கும். அக்காவின் மெழுகு வெளிறிய மஞ்சளாக, முழுக்க வழுவழுப்பாக, தேன் வாசனை மாறாமல் இருக்கும். மச்சான் போனபிறகு அவள் அதைத் தொடவில்லை. குங்குமம் இல்லாத நெற்றிக்காரி அதை வடிப்பதாவது என்று எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. மெழுகு காய்ச்சும் அலுமினியப் போசியை அம்மா பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

அண்ணனுக்குக் கல்யாணம் வைகாசியில் என்று முடிவானதும் போசி கீழே இறங்கியது. கொல்லிமலையிலிருந்து தேன் கொண்டுவருபவர் தேன் பிழிந்த அடைகளை உருட்டி, கருப்பு வெல்லக்கட்டி போல ஒரு பெரிய உருண்டையைத் தந்துவிட்டுப் போனார். அதற்குள் தேனீயின் கால், இறக்கை, மரத்தூள், செத்த புழு எல்லாம் இருந்தன. கல்லூரி விடுமுறையில் நான் வீட்டில் இருந்த நாள் அது. அம்மா அடுப்பில் போசியை வைத்து, உருண்டையில் ஒரு மூலையை உடைத்து நேரடியாகப் போட்டுக் கிளறினாள். சிறிது நேரத்தில் புகை கிளம்பிவிட்டது.

அக்கா உள்ளிருந்து வந்து விறகை வெளியே இழுத்தாள்.

"ஏம்மா, தண்ணியில்லாம வெச்சா கருகாம என்ன பண்ணும்? அக்கட்டால போ. நா வடிச்சுத் தாரேன்."

"நீ வேண்டாஞ் சாமி" என்றாள் அம்மா. "யாராச்சும் பாத்தா ஒன்னு கெடக்க ஒன்னு பேசுவாங்க."

"பொடக்காளியில வெச்சு வடிக்கறேன், யாரு பாக்கறாங்க? கேட்டா நீ வடிச்சதுன்னு சொல்லீரு. மெழுகுல எம்பேரா எழுதியிருக்குது?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அது சம்மதம்தான்.

அன்று மாலை புழக்கடையில் வேலை தொடங்கியது. எனக்கு முதல் கட்டளை தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் காய்ச்சினால் மெழுகு சோப்பு மாதிரி நுரைத்துக் கலங்கிவிடும் என்பாள். ஆகவே வாய்க்கால் தண்ணீரை நான்கு குடம் எடுத்துவந்தேன். இரும்புச் சட்டியில் வைத்தால் மெழுகு கருக்கும், செம்பில் வைத்தால் பச்சை பூக்கும், அதனால்தான் அலுமினியப் போசி. உருண்டையைச் சிறு துண்டுகளாக உடைத்து, மீந்திருந்த தேன் கரையட்டும் என்று இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டாள். மறுநாள் காலை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் துண்டுகளைப் போட்டு, வறட்டியில் தீயை அடக்கி எரித்தாள். மெழுகு உருகி மேலே மிதந்தது. கொதிக்க விடவில்லை. ஒரு குமிழி வந்தாலும் ஒரு வறட்டியை வெளியே எடுத்துவிடுவாள்.

"தென்னையில ஏறிப் பன்னாடை ரெண்டு எடுத்தா. பெருசாப் பாத்து எடு, பன்னாடை."

தென்னை மட்டையின் அடியில் சல்லடைத் துணி போலப் பின்னிக் கிடக்கும் நாருக்குத்தான் பன்னாடை என்று பெயர். கள் வடிக்க, எண்ணெய் வடிக்க உதவும். எங்கள் பக்கம் அது வசைச்சொல்லும்கூட. நல்லதை எல்லாம் கீழே விட்டுவிட்டுக் குப்பையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறவன் பன்னாடை. வகுப்பில் மந்தமான மாணவனுக்கு அந்த உவமையைத்தான் சொல்வார்கள்.

"நா பன்னாடையா? மாவட்டத்துல மொதப் பரிசு வாங்குனவன்" என்றேன்.

"சரி, பரிசு வாங்குன பன்னாடை. ஏறு சாமி, மெழுகு ஆறிப்போவுது."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் மரத்தில் பாதி ஏறியிருந்தபோதும் கீழே அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

பன்னாடையைக் கழுவி வடிதட்டில் விரித்து, அதன்மேல் உருகியதை ஊற்றினாள். காலும் இறக்கையும் மரத்தூளும் மேலே தங்கின. கீழே விழுந்தது இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. போசியை மூடி, சாக்கைச் சுற்றிப் போர்த்தினாள். சீக்கிரம் ஆறினால் அழுக்கு மெழுகுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மெல்ல ஆறினால் அடியில் படியும். மாலையில் திறந்தபோது மெழுகு ஒரு தட்டுப்போல இறுகி நீர்மேல் மிதந்தது. எடுத்துத் திருப்பி, அடிப்பக்கம் படிந்திருந்த கரும்பழுப்புக் கசடைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். மேற்புறம் பழுத்த பூவரச இலையின் நிறத்துக்கு வந்திருந்தது.

"இன்னொரு வடி இருக்குது. அது துணியில" என்றாள்.

இணைச்சீர் என்ற ஒன்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் மணமகனின் சகோதரிக்கு அந்தச் சீர் நடக்கும். அவளும் மணப்பெண்ணைப் போலவே பட்டு உடுத்தி அண்ணன் அல்லது தம்பியின் பக்கத்தில் நிற்பாள். கூரைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். மனைவி வந்தாலும் உடன்பிறந்தவளின் பாத்தியதை அறாது என்று ஊருக்குச் சொல்லும் சடங்கு அது. அண்ணனுக்கு உடன்பிறந்தவள் அக்கா ஒருத்திதான். ஆனால் அவள் நிற்கமாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரியப்பாவின் மகளை நிறுத்துவார்கள். இதை எவரும் அக்காவிடம் சொல்லவில்லை, அவளும் எவரிடமும் கேட்கவில்லை. அண்ணன் மட்டும் இரண்டு முறை புழக்கடை வாசல்வரை வந்து நின்றான். அக்கா தலையை நிமிர்த்தாமல், "உனக்கு இங்க என்ன வேல? போயி முகத்தச் செரைச்சுக்க, மாப்பள மாதிரியா இருக்கற?" என்றாள். அவன் போய்விட்டான்.

மூன்றாம் நாள் காலை தட்டை மறுபடி உருக்க வைத்துவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து ஒரு வேட்டியை எடுத்துவந்தாள். பார்த்ததும் தெரிந்தது. மச்சானின் வேட்டி. நுனியைப் பல்லில் கடித்துக் கிழித்தாள். கிழியும் சத்தம் நீளமாகக் கேட்டது.

அவளாகவே சொன்னாள்:

"புதுத்துணியில கஞ்சி இருக்கும். தொவைச்சுத் தொவைச்சு நைஞ்ச துணியிலதான் மெழுகு நல்லா எறங்கும்."

அது உண்மைதான். வீட்டில் அப்பாவின் நைந்த வேட்டிகளும் கொடியில் கிடந்தன. அதுவும் உண்மை.

துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். நனைக்காமல் வைத்தால் துணி மெழுகைக் குடித்துவிடும். நான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவள் அகப்பையால் மெல்ல ஊற்றினாள். நெய்யைப் போல மஞ்சள் நூலாக இறங்கியது. துணியில் தங்கியதை மூட்டையாக முறுக்கி, இரண்டு மூங்கில் குச்சிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். கை பொறுக்காத சூடு. இறுதியில் துணியில் இருந்தது ஒரு பிடிக் கருமண். கீழே போசியில் மெழுகு அடி தெரியும்படி தெளிந்து நின்றது. இறுகாமல் விரலுக்கு வரட்டும் என்று கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுக் கலக்கி, நாற்பது டப்பிகளிலும் வரிசையாக ஊற்றினாள்.

மெழுகு உறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

"நாளான்னிக்கு இத்தன பேரு நெத்தியிலயும் இது இருக்கும்" என்றாள். "புதுசா வாரவ நெத்தியிலயும்."

"இணைச்சீருக்கு நீதாங்க்கா நிக்கோணும்" என்றேன். "நா பேசறேன். நாளைக்கு எல்லாரும் உக்காருவாங்கல்ல, அங்க வெச்சே பேசறேன்."

"நீ ஒன்னும் பேச வேண்டாம் சாமி."

"ஏன்? கேக்கறதுல என்ன தப்பு?"

"எனக்கு இது போதும். நா பந்தலுக்கு வராட்டியும் பந்தல்ல இருப்பேன். நீ சும்மா இரு."

ஒரு டப்பியின் விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்து, மூடியை அழுத்தி மூடினாள்.

போதும் என்ற சொல்லை நான் கேட்ட விதத்தில்தான் என் குற்றம் தொடங்குகிறது. பட்டிமன்றத்தில் எதிரணி அப்படிச் சொன்னால், அடக்கத்தால் சொல்கிறார்கள், அச்சத்தால் சொல்கிறார்கள் என்று விளக்கம் கொடுத்துவிட்டு மேலே போவோம். அக்கா கேட்டது இன்னது என்று அவளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவள் கேட்காத ஒன்றை அவளுக்காக வெல்வதற்கு நான் அன்று மாலை வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே உரை தயாரித்தேன்.

மறுநாள் முற்பகல், கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தலில் உறவினர் கூடினார்கள். இன்னார் இன்ன காரியத்துக்கு என்று பிரித்துக்கொடுக்கும் வழக்கம். ஆண்கள் ஜமுக்காளத்தில், பெண்கள் ஓரமாகப் பூக்கட்டிக்கொண்டு. நடுவில் தாம்பாளத்தில் வெற்றிலையோடு நாற்பது டப்பியும் அடுக்கியிருந்தது. அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை ஒன்றைத் திறந்து முகர்ந்து, அங்கேயே நெற்றியில் தேய்த்துக் குங்குமம் ஒற்றிக்கொண்டாள்.

"ஏனுங்க நங்கை, கையில இத்தன தெறமைய வெச்சுட்டா இத்தன நாளா மறைச்சு வெச்சிருந்தீங்க?" என்று அம்மாவைக் கேட்டாள்; எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் அழைப்பார்கள். அம்மா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியப்பா வேலைகளைச் சொல்லிக்கொண்டே வந்து, "இணைச்சீருக்கு எம்பட புள்ள நிக்கட்டும்" என்றார்.

நான் எழுந்தேன். "பெரியோர்களே" என்று தொடங்கியதும் பெண்கள் பக்கம் சிரிப்பு.

"பேசட்டும் உடுங்க" என்றார் பெரியப்பா. "காலேஜுப் பேச்சு நம்முளுக்கு ஓசியிலயா கெடைக்கும்? சொல்லு சாமி."

நான் நன்றாகப் பேசினேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். இணைச்சீர் மனைவிக்குச் செய்யும் சீரா, உடன்பிறந்தவளுக்குச் செய்யும் சீரா என்று கேட்டேன். உடன்பிறந்தவளுக்கு என்றால், கணவன் போனதால் அவள் உடன்பிறந்தவள் இல்லாமல் போய்விட்டாளா என்று கேட்டேன். மங்கலம் கெடும் என்பீர்கள் என்று அவர்கள் சொல்லுமுன் நானே சொல்லி, அதையும் முறித்தேன். சிரிப்பு அடங்கிவிட்டது. அண்ணன் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தான். பெரியப்பா தாடையைத் தடவிக்கொண்டு, "அவஞ் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குதப்பா. செரி, அருமைக்காரரு வரட்டும், ஒரு வார்த்த கேட்டுப் பாப்போம்" என்றார். அருமைக்காரர் என்பவர் எங்கள் கல்யாணங்களை நடத்திவைக்கும் பெரியவர். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

அங்கே நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்ப்போம் என்பது என் காதில் நழுவலாகவே விழுந்தது. கையில் கடைசிச் சான்று மீதமிருந்தது. தாம்பாளத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.

"நாளை இந்தப் பந்தலில் நாற்பது சுமங்கலிகளின் நெற்றியில் குங்குமத்தைத் தாங்கப்போகும் மெழுகு அது. அதை வடித்தது யார் கை தெரியுமா? என் அக்காவின் கை. எதில் வடித்தாள் தெரியுமா? இறந்துபோன என் மச்சானின் வேட்டியில். அது உங்கள் நெற்றிக்கு ஆகும் என்றால், அவள் பந்தலுக்கு ஆகமாட்டாளா?"

ஆசிரியர் சொன்னபடியே ஆயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அத்தைதான் முதலில் அசைந்தாள். முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்தாள். ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அழுத்தித் துடைத்தாள். மெழுகின்மேல் வைத்தது என்பதால் எளிதில் போகவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்து மடியில் வைத்திருந்த டப்பிகளைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தார்கள். எவரும் ஏசவில்லை. தகரம் தாம்பாளத்தில் தட்டும் சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"நங்கை, நீங்க வடிச்சதுன்னுல்ல நெனைச்சேன்" என்றாள் அத்தை மெதுவாக. அம்மாவின் கண்கள் தாம்பாளத்தில் இருந்தன.

அப்பா என்னைப் பார்த்து, "உக்காருடா" என்றார்.

உட்காரும்போதுதான் பார்த்தேன். வீட்டு நடையில், கதவுக்குப் பின்னால், அக்கா ஒரு தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குடத்தை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இணைச்சீருக்குப் பெரியப்பாவின் மகள் நின்றாள். அருமைக்காரரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. கூரைப்புடவையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பினான். புழக்கடைக் கதவு சாத்தியிருந்தது. மெழுகு இல்லாமல் வெறும் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து வைத்தார்கள். வைகாசி வெயில். தாலி கட்டுவதற்குள் எல்லோர் நெற்றியிலும் அது கரைந்து ஒழுகத் தொடங்கிவிட்டது. அண்ணியின் நெற்றியிலிருந்து இறங்கிய சிவப்பு கன்னம்வரை வந்து, துடைத்த இடத்திலெல்லாம் தீற்றியது. யாரோ ஈரத்துணி கொண்டுவந்தார்கள்.

பந்தல் பிரித்த மறுநாள் புழக்கடைக்குப் போனேன். அக்கா நாற்பது டப்பிகளையும் சுற்றிலும் வைத்துக்கொண்டு, கரண்டிக் காம்பால் மெழுகைத் தோண்டித் தோண்டிப் போசியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"நா சொன்னதுல என்னக்கா தப்பு?"

இதுதான் நான் முதலில் கேட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இது.

"ஒன்னுந் தப்பில்ல" என்றாள். "நானும் நின்னு கேட்டேனல்ல. நல்லாத்தான் பேசுன. பெரியப்பா சொன்னப்ப எனக்கே ஒரு நிமிசம் ஆசை வந்துருச்சு."

இன்னொரு டப்பியை எடுத்தாள். தோண்டினாள்.

"அந்த வேட்டி உனக்கும் எனக்கும் மட்டும்தாஞ் சாமி தெரியும். அத எதுக்கு எடுத்துட்டுப் போயிப் பந்தல்ல விரிச்ச?"

தலைப்பு எதுவானாலும் இரண்டு தரப்பிலும் பேசப் பழகியவனுக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

"நெத்தியில இருந்துட்டுப் போயிருப்பேன்ல" என்றாள்.

அழவில்லை. சொல்லிவிட்டுப் போசியை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் விட்டு, தீயை அடக்கி, குமிழி வராமல் பார்த்து, முறையாகவே உருக்கினாள். உறைந்ததும் அதை ஒரே கட்டியாக எடுத்து என் கையில் கொடுத்து, சந்தையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நூலுக்கு மெழுகு பூச அவருக்கு வேண்டியிருக்கும் என்றாள். சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "இத்தன சுத்தமா நா பாத்ததேயில்லீங்க சாமி. செருப்புக்குப் பூசறதுக்கா இப்பிடி வடிச்சாங்க?" என்றார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் மெழுகு வடிக்கவில்லை. இன்று ஆட்டையாம்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறாள். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நான் பேசுவதை விட்டுவிடவில்லை. விட்டேன் என்றால் அது பொய். அடுத்த மாதமே ஒரு போட்டியில் அதே தலைப்பு வந்தது. பேசினேன், பரிசும் வந்தது. டம்ளரை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. இதை எழுதுவதற்கு முன் ஆட்டையாம்பட்டிக்குப் போய், வாக்கு உட்பட நடந்ததை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். வேட்டியைப் பற்றி எழுதலாமா என்று தனியாகவும் கேட்டேன். கையிலிருந்த நூற்கண்டைச் சுற்றி முடித்துவிட்டு, "பேரு போடாத" என்றாள். போடவில்லை. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அந்த வாக்கைச் சொல்ல, சந்தையிலிருந்து திரும்பிய நாளுக்கே மறுபடி போகிறேன். அக்கா போசியைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். செருப்புத் தைப்பவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு குனிந்து துலக்கினாள். தலையில் முக்காடு விலகியிருந்தது. அதைச் சரிசெய்யக் கையை உயர்த்தி, கையெல்லாம் சாம்பல் என்பதைப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டாள். அவளுடைய வெறும் நெற்றியை அவ்வளவு அருகில் அதுவரை நான் பார்த்ததில்லை. பேச்சில் எத்தனையோ முறை 'வெறும் நெற்றி' என்று சொல்லியிருக்கிறேன்.

மேடையில் நிற்பதுபோல நிமிர்ந்து நிற்க எனக்கு அப்போது முடியவில்லை. கிணற்றுக் கல்மேல் உட்கார்ந்துகொண்டு, மறுபக்கம் திரும்பிவிட்ட அவள் முதுகைப் பார்த்தபடி, அவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"அக்கா, எனக்குன்னு ஒரு நா கல்யாணம் வந்தா, இணைச்சீருக்கு நிக்கறயான்னு மொதல்ல உங்கிட்டத்தான் வந்து கேப்பேன். நீ நிக்கறேன்னா நீதான் நிப்ப. வேண்டாம்னா அந்தச் சீரே வேண்டாம், உம்பட எடத்துல வேற யாரும் நிக்க மாட்டாங்க. நீ வாயத் தொறந்து ஒரு பதில் சொல்ற வரைக்கும், அதப் பத்தி நா ஒருத்தருகிட்டயும் ஒரு வார்த்த பேச மாட்டேன்."